இலையுதிர் காலத்தில் குருவிக்குக் கால்வளையம்: நீங்கள் கேட்டவை

கனடாவின் ஒன்டாரியோவில், ஈரி ஏரியின் வடகரையில், இலையுதிர் காலம்தோறும் வலசைக் குருவிகளை வலையில் பிடித்து, காலில் எண் பொறித்த சிறு வளையம் மாட்டி விடும் வேலையில் இருக்கிறேன். இதே கரையில் உள்ள லாங் பாயின்ட்டில் 1960 முதல் இந்த வேலை நடக்கிறது.

வசந்தத்திலும்தானே பறவைகள் வலசை போகின்றன, அண்ணா? இலையுதிர் காலத்தில் என்ன விசேஷம்?

அந்த ஆண்டு பிறந்த குஞ்சுகளும் சேர்ந்து தெற்கே கிளம்பும் பருவம் இது. வலையில் வருபவற்றில் இளசு எத்தனை, பெரிசு எத்தனை என்று பார்த்தால், வடக்குக் காடுகளில் அந்தக் கோடை எப்படிப் போனது என்று புரியும்.

இளசையும் பெரிசையும் எப்படிப் பிரிக்கிறீர்கள்? எல்லாம் ஒரே மங்கல் நிறமாக இருக்கின்றனவே.

உச்சந்தலை இறகைத் தண்ணீர் தொட்டு விலக்கினால் மெல்லிய தோலுக்கு அடியில் மண்டையோடு தெரியும். எலும்பு முற்றாத இடம் இளஞ்சிவப்பாக இருக்கும்; முற்றிய இடம் வெளுத்து, பொடிப் புள்ளிகளோடு இருக்கும். சிறகின் ஓர இறகுகள் தேய்ந்திருக்கின்றனவா என்றும் பார்ப்போம்.

வலையில் மாட்டிச் செத்துப்போகாதா? பாவமில்லையா?

முதல் நாள் என் கையும் நடுங்கியது. மிஸ்ட் நெட் என்ற எங்கள் வலை 12 மீட்டர் நீளம், தலைமுடி போன்ற நூல். விடியலுக்குச் சற்று முன் விரிப்போம். அரை மணிக்கு ஒரு தடவை எல்லா வலைகளையும் சுற்றி வருவோம். மழையோ பலமான காற்றோ வந்தால் உடனே சுருட்டிவிடுவோம். பறவையின் கழுத்தை ஆட்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே விட்டு உடலை உள்ளங்கையில் ஏந்த வேண்டும். நெஞ்சை அழுத்தக் கூடாது, மூச்சு முட்டிவிடும். அமெரிக்கா, கனடாவைச் சேர்ந்த 22 அமைப்புகளின் பதிவுகளை வைத்து 2012இல் வந்த ஆய்வில், பிடிபட்ட பறவைகளில் காயம் 0.59 சதவீதம், இறப்பு 0.23 சதவீதம். சிறிய எண்தான். ஆனாலும் ஒன்று போனால் அன்று முழுக்க மனசு சரியிருக்காது. ஏதாவது ஒரு பறவை வாய் பிளந்து மூச்சு வாங்கினால் வளையமும் வேண்டாம், அளவும் வேண்டாம், அப்படியே விட்டுவிடுவோம்.

வளையமிட்ட குருவிகளில் நூற்றுக்கு ஒன்றுகூடத் திரும்பக் கிடைப்பதில்லையாமே. அப்புறம் எதற்கு?

உண்மைதான். ஆனால் கையில் இருக்கும் அந்த இரண்டு நிமிடமே நிறையச் சொல்லும். தொண்டைக் குழி இறகை ஊதிப் பார்த்தால் மஞ்சளாகக் கொழுப்புத் தெரியும். பிளாக்போல் வார்ப்ளர் என்ற சிறு குருவி சாதாரணமாக 12 கிராம்தான் இருக்கும். அதுவே பயணத்துக்கு முன் கொழுத்து இரட்டிப்பாகிவிடும். அந்தக் கொழுப்புதான் எரிபொருள்! முதுகில், போன இடத்தைக் கணிக்க உதவும் அரை கிராம் கருவி கட்டி அனுப்பி, மறு ஆண்டு திரும்பப் பிடித்துப் பார்த்தபோது, அது அட்லான்டிக் மேல் இரண்டு மூன்று நாள் இறங்காமல் 2,500 கிலோமீட்டர் அளவுக்குப் பறந்தது 2015இல் உறுதியானது. எடை பார்க்கும்போதெல்லாம் அந்த நினைப்புதான் வரும்.

செத்த குருவி காலில் வளையம் பார்த்தேன். என்ன செய்வது?

எண்ணைப் படமெடுத்து, இடத்தையும் தேதியையும் குறித்து, வட அமெரிக்கா என்றால் ரிப்போர்ட்பேண்ட் (reportband.gov) இணையதளத்தில் பதியுங்கள். எங்கே, எப்போது வளையமிட்டார்கள் என்று உங்களுக்கும் சொல்வார்கள். உயிரோடு இருந்தால் வளையத்தைக் கழற்றாதீர்கள்.

நான் நாகப்பட்டினம் பக்கம், அக்கா மகனும் நானும் கற்றுக்கொள்ள ஆசை.

உங்கள் பக்கத்துக் கோடியக்கரையிலேயே பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தினர் பல பத்தாண்டுகளாக வளையமிடுகிறார்கள். அவர்களிடமே கேளுங்கள். அனுமதி இல்லாமல் நீங்களாக வலை கட்ட வேண்டாம், அது குற்றம். முதல் பருவம் முழுக்கப் பதிவேடு எழுதுங்கள், வலையிலிருந்து எடுப்பதை அருகில் நின்று பாருங்கள். கையில் பறவை வருவது அதற்கு அப்புறம்தான்.