சனி, ஞாயிறு மட்டும் விளையாடுகிறவருக்கு ஆன்லைன் கேம் சந்தா கட்டுப்படியாகுமா? விளையாடாத நாளுக்கும் காசு போகுமா?

போகும். மொபைல் ரீசார்ஜ் வேலிடிட்டி மாதிரிதான். பேசினாலும் பேசாவிட்டாலும் நாள் ஓடிக்கொண்டே இருக்கும்.

நான் விளையாடுவது வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட், அதனால் அதை வைத்தே சொல்கிறேன். 2004-இல் அமெரிக்காவில் வெளிவந்தபோது மாதத்துக்கு 14.99 டாலர். ஆறு மாதத்துக்கு மொத்தமாகக் கட்டினால் மாதக் கணக்கு 12.99 ஆகக் குறையும். ஒரு மணி நேரம் விளையாடினாலும் ஊண் உறக்கமில்லாமல் கிடந்தாலும் ஒரே தொகை.

சீனாவில் இதே கேமுக்கு வேறு கணக்கு இருந்தது. 30 யுவான் கொடுத்து ஒரு கார்டு வாங்கினால் 4000 நிமிடம். லாகின் செய்திருக்கும் நேரம் மட்டும்தான் கழியும். மணிக்கு 0.45 யுவான் என்று வருகிறது. உங்களைப் போன்றவர்களுக்கு இதைவிட நியாயமான ஏற்பாடு கிடையாது என்பேன். 2016-இல் அதை மாற்றி மாதம் 75 யுவான் என்று ஆக்கினார்கள். பழைய விலையில் 75 யுவானுக்குச் சுமார் 166 மணி நேரம் கிடைத்திருக்கும், அதாவது தினமும் ஐந்தரை மணி நேரம். அதற்கு மேல் விளையாடுகிறவருக்கு லாபம். வேலைக்குப் போய்க்கொண்டு ஓய்வு நேரத்தில் எட்டிப் பார்க்கிறவர் மற்றவருக்கும் சேர்த்துக் கட்டுகிறார்.

மணிக்கணக்கு எப்போதும் மலிவு என்றும் நினைத்துவிடாதீர்கள். 1991-இல் ஏஓஎல் என்ற அமெரிக்க ஆன்லைன் சேவையில் வந்த நெவர்விண்டர் நைட்ஸ் என்ற கேமுக்கு மணிக்கு 6 டாலர்! 1997-இல் அல்டிமா ஆன்லைன் என்ற கேம் மாதம் 9.95 டாலருக்கு வந்தபோது, அப்படிப் பழகியவர்களுக்கு அது கொள்ளை மலிவாகத்தான் தெரிந்திருக்கும்.

விளையாடாத நாளும் வீண் போகாத கேம் ஒன்று உண்டு, ஈவ் ஆன்லைன் என்ற விண்கப்பல் கேம். அதில் திறன் பயிற்சி நிஜக் கடிகாரப்படி நடக்கிறது. நீங்கள் ஆபீஸில் இருக்கும்போதும் உங்கள் பைலட் கற்றுக்கொண்டே இருப்பார். சந்தா 2022-இல் 14.99-இலிருந்து 19.99 டாலராக ஏறிவிட்டது, அது வேறு வயிற்றெரிச்சல்.

கைக்காசு போடாமல் ஆடவும் வழி இருக்கிறது. 2015 முதல் வார்கிராஃப்டில் டோக்கன் விற்கிறார்கள். காசு இருக்கிறவர் 20 டாலருக்கு வாங்கி கேமுக்குள் இருக்கும் ஏலச் சந்தையில் விற்பார். நேரம் இருக்கிறவர், கேமுக்குள் ஆடிச் சம்பாதித்த தங்கக் காசைக் கொடுத்து அதை எடுத்து 30 நாள் சந்தாவாக மாற்றிக்கொள்வார். 'ஓசியில் ஆடுகிறேன்' என்று பீற்றிக்கொள்ளும் நண்பர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும். அவர்கள் பெயரில் கம்பெனிக்குப் போவது 15 அல்ல, 20 டாலர். தவிர, அவ்வளவு தங்கம் சேர்க்க சனி, ஞாயிறு உங்களுக்குப் போதாது.

நான் செய்வதைச் சொல்கிறேன்: கேமில் புதுப் பகுதிகளைச் சேர்க்கும் விரிவாக்கம் வரும்போது ஒரு மாதம் கட்டுவேன், கட்டிய கையோடு தானியங்கிப் புதுப்பித்தலை ரத்து செய்துவிடுவேன். கட்டிய நாள் முடியும்வரை ஆடலாம், கேரக்டர் எங்கும் போய்விடாது. ஆறு மாதச் சலுகை பக்கம் நீங்கள் போகவே வேண்டாம்.