பட்டறைப் பக்கம்: டை, டிப், மோதிரம்

டங்ஸ்டன் கார்பைடு (டங்ஸ்டன் உலோகமும் கரியும் சேர்ந்த மிகக் கடினமான பொருள்) பற்றிச் சேலம் வட்டாரத்திலிருந்து நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. அவற்றில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறேன்.

எங்களுடையது சின்னக் கொலுசுப் பட்டறை. கம்பியைச் சன்னமாக்க இழுக்கும் இரும்பு டையில் (துளை அச்சில்) ஓட்டை சீக்கிரமே பெரிதாகிவிடுகிறது. கார்பைடு டை வாங்கச் சொல்கிறார்கள். கொடுக்கிற காசுக்கு உழைக்குமா?
– வாசகர், செவ்வாய்ப்பேட்டை

உழைக்கும், தாராளமாக வாங்குங்கள். இந்தப் பொருளைத் தேடிக் கண்டுபிடித்ததே கம்பி இழுப்பதற்காகத்தான். ஜெர்மனியில் ஓஸ்ராம் கம்பெனிக்காரர்கள் பல்புக்கான டங்ஸ்டன் இழையை வைர டையில் இழுத்துக்கொண்டிருந்தார்கள். வைரம் கட்டுப்படியாகவில்லை. அதற்கு மாற்றாக 1923இல் கார்ல் ஷ்ரோட்டர் ஒரு வழி கண்டார். டங்ஸ்டன் கார்பைடுத் தூளோடு கோபால்ட் தூளைக் கலந்து, அச்சில் அழுத்தி, சுமார் 1,400 டிகிரி செல்சியஸ் சூட்டில் இறுக்குவதுதான் அது. குருப் கம்பெனி அதை 'விடியா' என்ற பெயரில் விற்றது. பழைய லேத்காரர்கள் வாயில் அந்தப் பெயர் இன்னும் புழங்குகிறது.

கடலை மிட்டாயை நினைத்துக்கொள்ளுங்கள். கார்பைடு மணிகள்தான் கடலை, கோபால்ட் வெல்லப்பாகு. தேய்மானத்தைத் தாங்குவது மணி, உதிராமல் பிடித்து வைப்பது கோபால்ட். கோபால்ட் கூடினால் அடி தாங்கும், ஆனால் தேய்மானம் அதிகம். குறைந்தால் தேயாது, ஆனால் அடிபட்டால் விரிசல் விடும். ஆழ்துளைக் கிணறு போடும் திருச்செங்கோட்டு வண்டியில் பாறையைத் துளைக்கும் பட்டன் பிட்டுக்கும் உங்கள் டைக்கும் ஒரே கலவை ஒத்துவராது என்பதற்குக் காரணம் இதுதான். கடையில் கேட்கும்போது "வெள்ளிக் கம்பி இழுக்க" என்று சொல்லியே வாங்குங்கள்.

டையைக் கையில் எடுத்துப் பாருங்கள். வெளியே இரும்பு வளையம், நடுவில் சாம்பல் நிறத்தில் சின்னக் கார்பைடு. அதன் வாய் அகலமாகத் தொடங்கி உள்ளே குறுகும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்து லென்ஸ் வைத்துப் பார்த்தால், கம்பி முதலில் தொடும் இடத்தில் நாளடைவில் வளையம் போல ஒரு கோடு விழுந்திருக்கும். அந்தக் கோடு தெரிந்த உடனே மெருகு போடக் கொடுத்துவிடுங்கள். வைரத்தூள் வைத்துத் தேய்த்து, அடுத்த பெரிய அளவு டையாக மாற்றித் தருவார்கள். கோட்டோடு இழுத்துக்கொண்டே இருந்தால் கம்பியில் கீறல் விழும், டையும் வீணாகும். எண்ணெய் இல்லாமல் இழுக்காதீர்கள். டையில் மாட்டிக்கொண்ட கம்பியைச் சுத்தியலால் தட்டி எடுக்கவே கூடாது.

எங்கள் வீடு பழைய கல் கட்டடம். அலமாரி மாட்ட டிரில் போட்டபோது பிட் சிவந்து, முனை கழன்று விழுந்துவிட்டது. கார்பைடு முனை என்றுதானே விற்றார்கள்?
– வாசகி, ஏற்காடு

முனை கார்பைடாகவே இருந்திருக்கும். பிட்டின் உடல் எஃகு. அதில் ஒரு காடி வெட்டி, கார்பைடுத் துண்டை உருகி ஒட்டும் உலோக ஒட்டு வைத்துப் பற்றவைத்திருப்பார்கள். அளவுக்கு மீறிச் சூடேறினால் முதலில் இளகுவது அந்த ஒட்டுதான், கார்பைடு அல்ல. சேர்வராயன் மலைப் பாறை பெரும்பாலும் சார்னோக்கைட், பொல்லாத கல். அதில் சாதாரண டிரில்லைச் சுற்றவிட்டு அழுத்தினால் சூடுதான் மிஞ்சும். இந்த முனை கல்லை அறுப்பதில்லை, இடித்து நொறுக்குகிறது. ஆகவே ஹேமர் டிரில்தான் வேண்டும். வேகத்தைக் குறைத்து, அடிக்கடி வெளியே இழுத்துத் தூளைத் தட்டிவிடுங்கள். சூடான பிட்டைத் தண்ணீரில் முக்காதீர்கள். திடீர்க் குளிர்ச்சியில் கார்பைடில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் ஓடும், அடுத்த ஓட்டையில் உடைந்து நிற்கும்.

மாம்பழம் பழுக்க வைக்கிற கார்பைடும் இதுவும் ஒன்றா?
– பள்ளி மாணவர், அயோத்தியாப்பட்டணம்

இல்லை, தம்பி. அது கால்சியம் கார்பைடு. ஈரம் பட்டால் அசெட்டிலீன் வாயு விடும். அதை வைத்துப் பழுக்க வைப்பதைச் சட்டமே தடை செய்திருக்கிறது. டங்ஸ்டன் கார்பைடு தண்ணீரில் ஊறிக் கிடந்தாலும் வாயு எதுவும் விடாது.

நிச்சயதார்த்தத்துக்கு டங்ஸ்டன் மோதிரம் வேண்டும் என்கிறார் மாப்பிள்ளை. கீறலே விழாதாம். வாங்கலாமா?
– வாசகி, ஃபேர்லேண்ட்ஸ்

கீறல் விழாது என்பது பெரும்பாலும் உண்மை. கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவில் 9க்கு மேல் நிற்கும் பொருள் இது. சாவி, பாத்திரம், மணல் எதற்கும் மசியாது. கனமும் உண்டு: கலப்பில்லாத டங்ஸ்டன் கார்பைடு ஒரு கன சென்டிமீட்டருக்கு 15.6 கிராம். வெள்ளி 10.5 கிராம்தான்.

ஆனால் கீறாதது உடையாது என்று எண்ணிவிடாதீர்கள். கிரானைட் தரையில் விழுந்தால் இரண்டாக விண்டுபோகலாம். விரல் பருத்தால் ஆசாரியிடம் கொடுத்துப் பெரிதாக்கவும் முடியாது, புது மோதிரம்தான். விரல் வீங்கி மாட்டிக்கொண்டால் தங்க மோதிரத்தை அறுக்கும் சின்ன ரம்பம் இதில் ஏறாது. லாக்கிங் பிளையரால் மெல்ல மெல்ல இறுக்கி, விண்டுபோக வைத்து எடுக்க வேண்டும். மருத்துவமனையில் "இது டங்ஸ்டன் கார்பைடு" என்று முதலிலேயே சொல்லிவிட்டால் நேரம் வீணாகாது. வாங்கும்போது கோபால்ட் கலந்ததா, நிக்கல் கலந்ததா என்று கேளுங்கள். கோபால்ட் வியர்வையில் மங்கும், சிலருக்குத் தோல் அரிக்கும். நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இரண்டாவதும் ஆகாது. அடகுக்கோ மறுவிற்பனைக்கோ தங்கம் போல இதை நம்ப முடியாது. இவ்வளவும் தெரிந்து, பிடித்து வாங்கினால் நல்ல மோதிரம். மாப்பிள்ளை மெஷினில் நிற்பவர் என்றால் வேலை நேரத்தில் கழற்றி வைக்கச் சொல்லுங்கள். அது எந்த மோதிரத்துக்கும் பொருந்தும்.

என் கணவர் லேத் பட்டறையில் நாள் முழுக்கக் கார்பைடு டிப்புக்கு (லேத்தில் உலோகத்தை வெட்டும் முனைக்கு) சாணை பிடிக்கிறார். வறட்டு இருமல் விடவே மாட்டேன் என்கிறது. "வெறும் தூசிதானே" என்கிறார்.
– வாசகி, சூரமங்கலம்

அம்மா, அது வெறும் தூசி இல்லை. கோபால்ட் கலந்த கார்பைடுத் தூசி நுரையீரலை இறுக்கிவிடும். 'ஹார்டு மெட்டல்' நோய் என்று இதற்குத் தனிப் பெயரே உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு இந்தக் கலவையை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவற்றின் வரிசையில் வைத்திருக்கிறது. முழு டிப்பைக் கையில் எடுப்பதில் பயமில்லை. சாணையில் பறக்கும் மாவுதான் ஆபத்து.

பட்டறை முதலாளியிடம் நேராகப் பேசுங்கள். சாணைக்குப் பக்கத்திலேயே தூசி உறிஞ்சி வேண்டும், அல்லது தண்ணீர் ஓடும் சாணை வேண்டும். கைக்குட்டை கட்டுவது போதாது, நுண்தூசி வடிகட்டும் மாஸ்க் முகத்தோடு ஒட்டிப் பொருந்த வேண்டும். தரையைக் காய்ந்த விளக்குமாற்றால் பெருக்கினால் படிந்தது மறுபடி எழும்பும், ஈரத்துணியால் துடையுங்கள். வேலைச் சட்டையை வீட்டில் உதறாதீர்கள், குழந்தைகள் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள். இந்த வாரமே டாக்டரிடம் அழைத்துப் போங்கள். "பட்டறை வேலை" என்று பொதுவாகச் சொல்லாமல், "கோபால்ட் கலந்த கார்பைடு டிப்புக்குச் சாணை பிடிக்கிறார், இத்தனை வருடமாக" என்று சொல்லுங்கள். அதைக் கேட்டால்தான் என்ன சோதனை எடுப்பது என்று அவருக்குத் தெரியும்.