பில்டர் வேகமும் மீன் தேர்வும்: கேள்வி பதில்

சேலத்திலிருந்து: அக்கா, என் இரண்டடித் தொட்டிக்கு மணிக்கு 1,200 லிட்டர் தள்ளும் பில்டரைக் கடையில் கொடுத்தார்கள். ஒரே ஒரு ஃபைட்டர் மீன் வளர்க்கிறேன். நாள் முழுக்க மூலையில் ஒண்டிக் கிடக்கிறது, வால் நுனியும் கிழிந்திருக்கிறது. என்ன மருந்து போடலாம்?

மருந்து பாட்டிலைத் திறக்க வேண்டாம். அரை மணி நேரம் பில்டரை நிறுத்திப் பாருங்கள். மீன் மூலையை விட்டு வெளியே வந்து உலாவத் தொடங்கினால், அதை வாட்டுவது நீரோட்டம்தான்.

2 x 1 x 1 அடித் தொட்டி விளிம்பு வரை நிரம்பினாலே 56 லிட்டர்தான் பிடிக்கும். மணலும் கல்லும் போக 50 லிட்டர் தேறினால் அதிகம். அத்தனை தண்ணீரும் உங்கள் வீட்டில் மணிக்கு 20 தடவைக்கு மேல் சுழல்கிறது. சாதாரணத் தொட்டிக்கு 4, 5 தடவை போதும்; ஃபைட்டருக்கு அதற்கும் குறைவாகவே வேண்டும். அது தாய்லாந்தின் வயல்வெளிகளிலும் தேங்கிய நீரிலும் வாழும் இனம். மேலே வந்து காற்றை விழுங்கி மூச்சுவிடும். காட்டு ஃபைட்டருக்குத் துடுப்பு குட்டைதான்; இந்த நீளமான வால் மனிதன் தேர்ந்தெடுத்து வளர்த்தது. அந்தப் பாரத்தோடு ஒவ்வொரு மூச்சுக்கும் நீரோட்டத்தை எதிர்த்து மேலே வர வேண்டியிருக்கிறது, பாவம்.

பஞ்சு பில்டரும் சிறிய ஏர் பம்பும் வாங்குங்கள். காற்றுக் குழாயில் ஒரு வால்வு போட்டுக் குமிழிகளைக் குறைத்துக்கொள்ளலாம். தண்ணீர் சுத்தமாக இருந்தால் கிழிந்த வால் தானாக வளரும். ஓரம் கறுத்து, நாளுக்கு நாள் கரைந்துகொண்டே போனால் மட்டும் அது வால் அழுகல். அப்போது மருந்தைப் பற்றிப் பேசலாம்.

கோவையிலிருந்து: வேகத்தைக் குறைத்தால் தண்ணீர் கெட்டுவிடாதா?

பலருக்கும் இருக்கும் பயம் இது. தண்ணீர் பீய்ச்சும் வேகத்தை வைத்துப் பில்டரை எடை போடாதீர்கள். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை ஓரளவு தீங்கற்ற நைட்ரேட்டாகவும் மாற்றுவது பஞ்சிலும் பீங்கான் வளையங்களிலும் குடியிருக்கும் பாக்டீரியா. அதற்குத் தேவை ஒட்டிக்கொள்ள இடமும் ஆக்சிஜனும். அதனால்தான் பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் அலசக்கூடாது என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் அந்த பாக்டீரியா செத்துப்போகும். தொட்டித் தண்ணீரையே ஒரு வாளியில் பிடித்து அதில் பிழியுங்கள்.

எனவே நல்ல பில்டரைத் தூக்கிப் போட வேண்டியதில்லை, அதன் பாய்ச்சலைக் கலைத்தால் போதும். வெளிவரும் வாயைப் பின் கண்ணாடியை நோக்கித் திருப்புங்கள். துளைகள் போட்ட நீளமான குழாயை மாட்டினால் ஒரே இடத்தில் பீய்ச்சும் தண்ணீர் தொட்டியின் அகலத்துக்கும் பரவிவிடும். தொட்டிக்கு வெளியே வைக்கும் கேனிஸ்டர் வகை பில்டரானால் தண்ணீர் வெளிவரும் பக்கத்து வால்வை மட்டும் திருகுங்கள்; உறிஞ்சும் பக்கத்தை அடைத்தால் மோட்டாருக்குக் கேடு.

ஆனால் நீர்ப்பரப்பில் அலை ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், அதை நிறுத்திவிடாதீர்கள். 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும்; 30 டிகிரியில் சுமார் 7.5 மில்லிகிராம்தான். நம் ஊர் சித்திரை வெயிலில் இந்த வித்தியாசம் பெரியது. விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் அலை போதவில்லை என்று கொள்ளுங்கள்.

மாற்றிய பிறகு ஒரு சிட்டிகை தீவனத்தைப் போட்டுவிட்டுக் கவனியுங்கள். மூழ்கும் துணுக்குகள் தரையைத் தொடாமல் சுற்றிக்கொண்டே இருந்தால் இன்னும் வேகம் அதிகம். ஏதோ ஒரு மூலையில் மெதுவாக இறங்கிப் படிந்தால், மீன் இளைப்பாறவும் அங்கே இடம் இருக்கிறது.

தஞ்சாவூரிலிருந்து: கப்பிக் குஞ்சுகளை பில்டர் உறிஞ்சிவிடுகிறது.

உறிஞ்சும் வாயில் ஒரு பஞ்சு உறையை மாட்டுங்கள். வாரம் ஒருமுறை அதைக் கழற்றிப் பிழிய வேண்டும்.

நாகர்கோவிலிலிருந்து: எனக்கு ஓடும் ஆறு போன்ற தொட்டிதான் பிடிக்கும். நான்கடித் தொட்டி. மிஸ் கேரளா மீன் விடலாமா?

நீரோட்டத்துக்கு அதைவிடப் பொருத்தமான மீன் கிடையாது என்றாலும் வேண்டாம் என்றே சொல்வேன். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைகளில் மட்டுமே வாழும் மீன் அது. 1865-இல் ஃபிரான்சிஸ் டே அதை அறிவியலுக்கு அறிமுகம் செய்தபோது, அப்போதைய சென்னை மாகாண ஆளுநர் டெனிசனின் பெயரை வைத்தார். வெளிநாட்டுத் தொட்டிகளுக்காக ஆறுகளிலிருந்து அள்ளி அள்ளி, இன்று அது அருகிவரும் இனங்களின் பட்டியலில் இருக்கிறது. நம் மலையின் மீன், நம் கண்முன்னே குறைந்துகொண்டு வருகிறது.

உங்கள் ஆசைக்குப் பண்ணையில் வளர்த்த ஜெயன்ட் டேனியோ எட்டு விடுங்கள். அதுவும் இந்தப் பக்கத்து மீன்தான். எதிர்நீச்சல் போட்டு வரிசையாக நிற்கும்போது, உடம்பில் நீலமும் மஞ்சளும் மாறி மாறி மின்னும். நான்கு அங்குலம் வரை வளரும், நன்றாகத் துள்ளும்; மூடி கட்டாயம். ரோஸி பார்ப் மீன்கள் ஆறும் சேர்த்துக்கொள்ளலாம்.

மதுரையிலிருந்து: கல்லில் ஒட்டிக்கொள்ளும் ஹில்ஸ்ட்ரீம் லோச் விடலாமா?

மதுரைக் கோடையில் குளிர்விக்கும் கருவி இல்லாமல் வேண்டாம். 20 முதல் 24 டிகிரிக் குளிர்ந்த நீரில் வாழும் மீன் அது. எவ்வளவு நீரோட்டம் கொடுத்தாலும் சூட்டுக்கு ஈடாகாது.

சென்னையிலிருந்து: கொளத்தூரில் வாங்கிய ஏஞ்சல் மீன்கள் ஏற்கெனவே இருக்கின்றன. அதே தொட்டியில் டைகர் பார்ப்பும் விட்டு, ஒரு பக்கம் வேகமாகவும் மறுபக்கம் அமைதியாகவும் வைக்க முடியுமா?

நீரோட்டத்தைப் பிரிக்கலாம். பில்டர் வாயை நீளவாக்கில் வைத்து, நடுவில் ஒரு பெரிய மரக்கட்டையை நிறுத்தி, அதன் பின்னால் வாலிஸ்னேரியா செடியை அடர்த்தியாக நடுங்கள். செடிக்கு அப்பால் தண்ணீர் அடங்கிவிடும். ஏஞ்சல்கள் அங்கே நிற்கும். ஆனால் டைகர் பார்ப்புக்கு அந்த எல்லை தெரியாது. தேடி வந்து ஏஞ்சலின் நீண்ட துடுப்புகளைக் கடிக்கும். ஏஞ்சல்களை வைத்துக்கொள்வதென்றால் பார்ப்பை விட்டுவிடுங்கள். வேகப் பக்கத்துக்கு வேறு மீன் வேண்டுமா, தொட்டியின் நீளத்தையும் ஏஞ்சல்களின் அளவையும் எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.