38,000 கி.மீ. என்று விற்கும் கார், 71,000 கி.மீ. ஓடியிருந்தால்?

கேள்வி: காரைக்குடியில் துணிக்கடை வைத்திருக்கிறேன். துணிக்கூரையைத் திறந்து ஓட்டும் ஸ்போர்ட்ஸ் காரான போர்ஷே பாக்ஸ்டர் வாங்க வேண்டும் என்பது பல வருட ஆசை. கோயம்புத்தூரில் ஓர் ஆட்டோ கன்சல்டிங்கில், 2012-ல் பெங்களூரில் பதிவான வண்டி விற்பனைக்கு வந்தது. "சிங்கிள் ஓனர், 38,000 கி.மீ., ஆக்சிடென்ட் ஆகாத வண்டி" என்று விளம்பரத்திலும் வாட்ஸ்அப்பிலும் சொன்னார்கள். தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டிப்போய்ப் பார்த்தேன். 26 லட்சத்துக்குப் பேசி, 2 லட்சம் அட்வான்ஸ் வங்கி மூலம் அனுப்பினேன். அப்புறம் ஆர்.சி.யில் உள்ள உரிமையாளரைத் தேடிப்பிடித்துப் பேசினால், அவர் அனுப்பிய 2021 சர்வீஸ் பில்லில் 71,000 கி.மீ. என்று இருக்கிறது. ஆர்.சி.யில் வங்கிக் கடனும் நிற்கிறது. கன்சல்டிங்காரர், "உள்ளது உள்ளபடிதான் விற்கிறோம், அட்வான்ஸ் திருப்பித் தரமாட்டோம் என்று ரசீதிலேயே அச்சடித்திருக்கிறது, வேண்டுமானால் 1 லட்சம் குறைத்துக்கொள்ளுங்கள்" என்கிறார். வண்டியை விடவும் மனசில்லை. என்ன செய்யலாம்? அப்பச்சிக்கு இன்னும் விஷயம் தெரியாது.

பதில்: முதலில், மீதி 24 லட்சத்தில் ஒரு ரூபாய்கூட இப்போது கொடுக்காதீர்கள். "1 லட்சம் குறைக்கிறேன்" என்பதற்குச் சரி என்றும் சொல்லாதீர்கள், வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் படம் போடுவதும் சரி சொன்னதாகவே எடுத்துக்கொள்ளப்படலாம். இன்றைய நிலையில் சட்டம் உங்கள் பக்கம் பலமாக இருக்கிறது. மீட்டர் விஷயம் தெரிந்த பிறகும் பணத்தைக் கட்டி வண்டியை எடுத்தீர்கள் என்றால் அந்தப் பலம் போய்விடும்.

காரணத்தைச் சொல்கிறேன். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு, மோசடி என்றால் என்ன என்பதைக் குதிரை விற்பனையை வைத்து விளக்குகிறது. நோயுள்ள குதிரையை ஒருவன் ஏலத்தில் விற்கிறான், நோயைப் பற்றி வாயே திறக்கவில்லை. அது மோசடி ஆகாது. ஆனால் வாங்குபவன், "நீ மறுக்காவிட்டால் குதிரை நல்ல குதிரை என்று எடுத்துக்கொள்வேன்" என்று கேட்டு, விற்பவன் அப்போதும் சும்மா இருந்தால், அந்த மௌனம் பேச்சுக்குச் சமம். 150 வருடத்துக்கு முன் எழுதியது, இன்றைய பழைய கார் வியாபாரத்துக்கு அப்படியே பொருந்துகிறது. உங்கள் விஷயத்தில் அவர் மௌனமாகக்கூட இல்லை. 38,000 என்று எழுதியே கொடுத்திருக்கிறார். தெரிந்தே எழுதினால் மோசடி. தெரியாமல் எழுதியிருந்தாலும் தவறான தகவல் என்ற 18-ஆவது பிரிவுக்குள் வரும். எப்படிப் பார்த்தாலும் 19-ஆவது பிரிவின்படி ஒப்பந்தத்தை நீங்கள் ரத்து செய்யலாம்.

ஆனால் அதே 19-ஆவது பிரிவில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. மௌனத்தாலோ தெரியாமல் சொன்ன தவறான தகவலாலோ நீங்கள் ஏமாந்திருந்து, சாதாரணமாக விசாரித்தாலே உண்மை தெரிந்திருக்கும் என்றால், ரத்து செய்ய முடியாது. கன்சல்டிங்காரரின் வக்கீல் "எங்களுக்கே தெரியாது, இவர்தான் விசாரித்திருக்க வேண்டும்" என்று இதைத்தான் பிடிப்பார். நீங்களோ விசாரித்துக் கண்டுபிடித்துவிட்டீர்கள், பணம் முழுவதும் போவதற்கு முன்பே. அதனால்தான் இப்போதே எழுத்தில் ரத்து செய்யச் சொல்கிறேன்.

"உங்கள் மெக்கானிக் பார்த்துத்தானே எடுத்தீர்கள்" என்ற வாதமும் வரும். 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டம், 16-ஆவது பிரிவில் அப்படி ஒன்றைச் சொல்லத்தான் செய்கிறது. பொருளைப் பார்த்து வாங்கினால், அந்தப் பார்வையில் தெரிந்திருக்க வேண்டிய குறைக்கு விற்றவர் பொறுப்பில்லை. கீறல், தேய்ந்த டயர், கிழிந்த சீட் இதெல்லாம் அந்த வகை. பாக்ஸ்டரின் கதை வேறு. முன் பானெட்டைத் திறந்தால் பெட்டி வைக்கும் இடம், பின்னால் திறந்தாலும் பெட்டி வைக்கும் இடம். என்ஜின் நடுவில், சீட்டுக்குப் பின்னால் மூடிக்குள் இருக்கிறது. அம்பாசடர் பார்த்துப் பழகிய மெக்கானிக் அரை மணி நேரத்தில் என்ன பார்த்திருக்க முடியும்? திருத்திய மீட்டர் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே "உள்ளது உள்ளபடி" என்ற வாசகம் கீறலுக்குச் செல்லும், பொய்க்குச் செல்லாது.

ரசீதில் அச்சடித்த வரிக்கும் இதே பதில்தான். வாங்குபவர் காரணமில்லாமல் பின்வாங்கினால் முன்பணத்தைப் பிடித்துக்கொள்வது பற்றிப் பேசலாம், அதற்கும் ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு நியாயமான அளவு என்று எல்லை வைத்திருக்கிறது. தவறு விற்பவர் பக்கம் இருக்கும்போது அந்த வரியைக் காட்டிப் பணத்தை வைத்துக்கொள்ள முடியாது.

செய்ய வேண்டியது: பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் ஒரு நோட்டீஸ். விளம்பரத்தில் சொன்னது என்ன, பில்லில் இருப்பது என்ன, அதனால் ஒப்பந்தத்தை ரத்து செய்கிறேன், 15 நாளில் 2 லட்சத்தைத் திருப்பித் தரவும். இவ்வளவு போதும், திட்ட வேண்டாம். பெரும்பாலும் இந்தக் கட்டத்திலேயே பேச்சு வார்த்தைக்கு வந்துவிடுவார்கள். வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யலாம். அதற்கும் அசையாவிட்டால் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கோயம்புத்தூருக்கு அலைய வேண்டியதில்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போட இடம் தருகிறது. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணமும் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

இங்கே ஒரு நுணுக்கம். மனுவில் "ரசீதில் உள்ள நிபந்தனை நியாயமற்ற ஒப்பந்தம்" என்று எழுதாதீர்கள். அந்த வகைப் புகாரை விசாரிக்கும் அதிகாரம் மாநில ஆணையத்துக்குத்தான், சிவகங்கையில் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். பொய்யான தகவல் சொல்லி விற்க முயன்ற "நியாயமற்ற வணிக நடைமுறை" என்று எழுதினால் மாவட்ட ஆணையமே போதும். இன்னொன்று, எந்த நிலையிலும் வண்டியைக் கடையின் பெயரில் எடுக்காதீர்கள். ஆடிட்டர் தேய்மானக் கணக்கு சொல்லி ஆசை காட்டுவார். அப்புறம் "இது வணிகத்துக்காக வாங்கியது, இவர் நுகர்வோரே இல்லை" என்று எதிர்த்தரப்பு ஆரம்பிக்கும்.

ஆதாரங்களை இன்றே பத்திரப்படுத்துங்கள். விளம்பரத்தை அவர்கள் நாளையே எடுத்துவிடலாம், தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள், போனையும் மாற்றாதீர்கள். 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆவது பிரிவின்படி மின்னணு ஆதாரத்தோடு ஒரு சான்றிதழும் தர வேண்டும், வக்கீல் அதைத் தயார் செய்துகொடுப்பார். பெங்களூர் உரிமையாளரிடம் அந்தப் பில்லை மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள். அவருக்கும் இதில் அக்கறை உண்டு: ஆர்.சி.யில் பெயர் இருக்கும்வரை விபத்து நடந்தால் பொறுப்பு அவர் தலையில்தான் என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் நவீன் குமார் வழக்கில் சொல்லியிருக்கிறது.

போலீசுக்குப் போகலாமா என்று கேட்பீர்கள். பாரதிய நியாய சங்கிதையில் ஏமாற்றுதலுக்கான 318-ஆவது பிரிவில் புகார் கொடுக்கலாம்தான். ஆனால் மீட்டரைத் திருப்பியது கன்சல்டிங்காரரா, இடையில் கைமாறிய யாராவதா என்பதை நிரூபிப்பதில் மாதக்கணக்கில் போகும். என் யோசனை, முதலில் பணத்தை வாங்குங்கள்.

சரி, அவ்வளவுக்குப் பிறகும் அந்த வண்டிதான் வேண்டும் என்கிறீர்கள். ஆசை புரிகிறது. அப்படியானால் பழைய பேச்சை ரத்து செய்துவிட்டு, உண்மையான கிலோமீட்டரை எழுதி, புது விலைக்குப் புதிதாக ஓர் ஒப்பந்தம் போடுங்கள். அதற்கு முன், அந்தக் கம்பெனி கார்களைப் படிக்கும் ஸ்கேனர் உள்ள பட்டறையில் வண்டியைக் காட்டுங்கள். என்ஜின் கணினியில் மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியது, என்ஜின் அளவுக்கு மீறிய வேகத்தில் எத்தனை முறை சுழன்றது என்பதெல்லாம் பதிவாகியிருக்கும். மீட்டரைத் திருப்புகிறவர்கள் பெரும்பாலும் இதைத் தொடுவதில்லை. 38,000 கி.மீ.க்கு 2,800 மணி நேரம் என்று வந்தால், சராசரி வேகம் 14 கிலோமீட்டர்கூட இல்லை. பெங்களூர் டிராஃபிக்கையே சாட்சிக்கு அழைத்தாலும் கொஞ்சம் இடிக்கும்.

துணிக்கூரையின் வடிகால் துளைகள் அடைத்திருந்தால் தண்ணீர் சீட்டுக்கு அடியில் இறங்கும், அங்கேதான் ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி இருக்கிறது. முன் பம்பர் வாயில் சருகு சேர்ந்து ரேடியேட்டரும் ஏசி கண்டென்சரும் அரித்துப்போவது இந்த மாடலில் சகஜம். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள், வண்டல் கறை தெரிந்தால் வெள்ளத்தில் நின்ற வண்டி. 2015-லும் 2023-லும் சென்னையில் மூழ்கிய கார்கள் எங்கெங்கோ விலை போயின. டயர் பக்கவாட்டில் உள்ள நாலு இலக்கத்தில் கடைசி இரண்டும் தயாரித்த வருடம். இதையெல்லாம் பார்த்த பிறகு, விபத்து, வெள்ளம், மீட்டர், இன்சூரன்ஸ் கிளைம் பற்றித் தனித்தனிக் கேள்வியாக வாட்ஸ்அப்பில் அனுப்பி, "மறுக்காவிட்டால் இல்லை என்று எடுத்துக்கொள்வேன்" என்று முடியுங்கள். அந்தக் குதிரைக்காரன் கேட்ட அதே கேள்வி.

ஆவணங்களில் அவசரம் வேண்டாம். பழைய வண்டி வியாபாரிக்கு 2023 ஏப்ரல் முதல் போக்குவரத்துத் துறையின் அங்கீகாரச் சான்று வேண்டும், உரிமையாளர் வண்டியை ஒப்படைத்ததைத் தெரிவிக்கும் ஃபார்ம் 29சி-யும் வேண்டும். இரண்டையும் காட்டச் சொல்லுங்கள். உரிமையாளர் பெயர் மாற்றத்துக்கான 29, 30 ஃபார்ம்களை வெறும் கையெழுத்தோடு நீட்டினால் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். கர்நாடகத்தின் தடையில்லாச் சான்று (என்.ஓ.சி.) வாங்கி, இங்கே டிஎன் 63 எண் போட்டு, ஆயுள் வரி கட்ட வேண்டும். புது வண்டிக்கு 20 லட்சத்துக்கு மேல் 20 சதவீதம், பழையதற்கு வயதுக்கேற்பக் குறையும். அங்கே கட்டிய வரியில் மீதியைத் தனியாக விண்ணப்பித்துத் திரும்பப் பெற வேண்டும். பதிவுக்கு 15 வருடம் ஆயுள் என்பதால் 2027-ல் புதுப்பிக்க வேண்டும், இறக்குமதி வண்டிக்கு அந்தக் கட்டணம் சாதாரண காரை விடப் பல மடங்கு. விலை பேசும்போது இந்தச் செலவுகளையெல்லாம் கழித்துப் பேசுங்கள்.

இன்சூரன்ஸில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். வண்டி கைமாறினால் மூன்றாம் நபருக்கான காப்பீடு மட்டும் தானாக உங்களுக்கு வரும். சொந்த வண்டிக்கு ஆகும் சேதத்துக்கு, பாலிசி உங்கள் பெயருக்கு மாறியிருந்தால்தான் பணம். உச்ச நீதிமன்றம் 1996-லேயே தீர்த்துவைத்த விஷயம். மாற்ற விண்ணப்பிக்க 14 நாள் அவகாசம், ஆனால் கோயம்புத்தூரிலிருந்து ஓட்டி வரும் அன்றே எங்காவது உரசினால்? சாவி வாங்குவதற்கு முன் உங்கள் பெயரில் புது பாலிசி.

கடன் விஷயத்தில், கட்டி முடித்தும் ஆர்.சி.யில் நீக்காமல் விட்டவர்கள் நிறைய. அப்படியென்றால் ஆர்.சி.யில் கடனை நீக்குவதற்கான ஃபார்ம் 35-ம் வங்கியின் கடிதமும் வாங்கிவிட்டால் முடிந்தது. உண்மையிலேயே பாக்கி இருந்தால், அந்தத் தொகையை உரிமையாளரின் கடன் கணக்குக்கு நீங்களே நேராகச் செலுத்தி, மீதியை மட்டும் கன்சல்டிங்காரரின் வங்கிக் கணக்குக்கு அனுப்புங்கள். ரொக்கமாகக் கேட்டால் மறுத்துவிடுங்கள், 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டமே தடுக்கிறது.