உறங்கும் பெண்ணின் கழுத்தில் தாலி

அன்புள்ள ஐயா,

மூன்றாம் வகுப்பு படிக்கும் என் மகள் சிண்ட்ரெல்லா, ஸ்நோ ஒயிட் கதைகளையே திரும்பத் திரும்பக் கேட்கிறாள். அழகாக இருந்தால் ராஜகுமாரன் வருவான், கல்யாணத்தோடு எல்லாம் முடிந்துவிடும் என்பதைத்தான் இவை கற்றுக்கொடுக்கின்றன. இந்த வெளிநாட்டுக் கதைகளை நிறுத்திவிட்டு, அல்லி போன்ற வீரப் பெண்கள் வரும் நம் கதைகளை மட்டும் சொல்லலாமா?

— ஒரு வாசகி, தண்டையார்பேட்டை

அன்புள்ள சகோதரி,

உங்கள் கவலை நியாயமானது. ஆனால் பழியை வெளிநாட்டின் மீது மட்டும் போட என் மனம் ஒப்பவில்லை. அல்லியின் பெயரை நீங்களே எடுத்துவிட்டதால் அவளிடமிருந்தே தொடங்குகிறேன்.

கொண்டித்தோப்பு இரத்தின நாயகர் அண்டு சன்ஸ் வெளியிட்ட ‘பெரிய எழுத்து’ அல்லி அரசாணி மாலையை, பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் தெருப் பாட்டி ஒருவர் விளக்கு வைத்த பிறகு ராகம் போட்டு வாசிப்பார். அக்கம்பக்கத்துப் பெண்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். மதுரையை ஆளும் அல்லி ஆண்களை அண்டவிடாதவள். நேர்வழியில் அவளை அடைய முடியாத அர்ச்சுனன், கண்ணனின் துணையோடு பாம்பு வடிவில் அவள் பள்ளியறைக்குள் புகுந்து, அவள் உறங்கும்போது தாலி கட்டிவிடுகிறான். அந்த இடம் வந்ததும், “தூங்குறவ கழுத்துலயா கட்டுவான், பாவி!” என்று யாராவது ஒருத்தி சொல்லாமல் இருந்ததில்லை. பாட்டு அர்ச்சுனனின் சாமர்த்தியத்தை மெச்சிக்கொண்டே போகும். கேட்டவர்கள் அல்லியின் பக்கமே நின்றார்கள்.

ஐரோப்பாவின் ‘ஸ்லீப்பிங் பியூட்டி’ கதையிலும் உறங்கும் பெண்ணே கதாநாயகி. 1630களில் இத்தாலியில் அச்சான, பசீலே என்ற எழுத்தாளரின் வடிவத்தில், அரசன் ஒருவன் உறங்குபவளைக் கூடிவிட்டுப் போய்விடுகிறான். அவள் உறக்கத்திலேயே இரட்டைக் குழந்தைகளைப் பெறுகிறாள். 1697இல் பிரான்சின் எழுத்தாளர் பெர்ரோ அதை நாகரிகப்படுத்தினார்: இளவரசன் மண்டியிடும்போது அவள் தானாக விழித்துக்கொள்கிறாள். அவளை எழுப்பும் முத்தம் 1812இல் வெளிவந்த, ஜெர்மனியின் கிரிம் சகோதரர்களின் கதைத் தொகுப்பில் இருக்கிறது. அதே தொகுப்பின் ஸ்நோ ஒயிட் கதையில் முத்தமே இல்லை. கண்ணாடிப் பெட்டியில் கிடப்பவளுக்கு இளவரசன் குள்ளர்களிடம் விலை பேசுகிறான், அவர்கள் மறுத்ததும் இனாமாகக் கேட்டு வாங்கிக்கொள்கிறான். அவளை யாரும் கேட்கவில்லை.

இந்தக் கதைகளில் என்னை உறுத்துவது அழகோ அரண்மனையோ அல்ல, பெண்ணின் சம்மதம் தேவைப்படாத இந்த இடம்தான். சிண்ட்ரெல்லாவை இந்தக் கூட்டத்தில் சேர்ப்பது அநியாயம். விருந்துக்குப் போக ஆசைப்பட்டவளும் அவள்தான், நேரம் பார்த்து ஓடிவந்தவளும் அவள்தான்.

கொடுமைக்காரி எப்போதும் பெண்ணாகவே இருப்பது இன்னொரு குறை. 1812 பதிப்பில் ஸ்நோ ஒயிட்டைக் கொல்லப் பார்ப்பவள் பெற்ற தாய். 1819 பதிப்பில் அவளை மாற்றாந்தாய் ஆக்கினார்கள். நம் நல்லதங்காள் கதை கல்யாணத்துக்குப் பிறகான பெண்ணின் பசியைச் சொல்லும் அரிய கதை. பஞ்சத்தில் ஏழு பிள்ளைகளோடு பிறந்த வீட்டுக்கு வந்து, கடைசியில் கிணற்றில் விழுகிறவளின் துயரத்தை எவ்வளவு சொன்னாலும் தீராது. ஆனால் அங்கேயும் முழுப் பழியும் அண்ணி மூளி அலங்காரியின் தலையில்தான் விழுகிறது.

ஆகவே எதையும் நிறுத்த வேண்டாம் என்பதே என் கருத்து. சொல்லும் முறையை மாற்றுங்கள். கண்ணாடிப் பெட்டி வரும் இடத்தில் நிறுத்தி, “இவளைக் கேட்டார்களா?” என்று மகளிடம் கேளுங்கள். அல்லியைச் சொல்லும்போது பாம்பை விட்டுவிட்டு வீரத்தை மட்டும் சொல்லாதீர்கள். விழித்ததும் அவளுக்கு வந்த கோபத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். கல்யாணத்தோடு முடியும் கதைகளுக்கு மறுநாள் என்ன நடந்தது என்று அவளையே சொல்லவிடுங்கள். அவள் சொல்வது உங்களுக்குப் பிடிக்காமல் போனாலும் திருத்தாதீர்கள்.