இருப்பு மென்பொருள் காலை வாரிவிட்டது. கட்டிய பணத்தைத் திரும்பப் பெற முடியுமா?

கேள்வி: சேலம் மாவட்டம் இளம்பிள்ளையில் நானும் கணவரும் சேலை வியாபாரம் செய்கிறோம். கடை, சொந்த இணையதளம், இரண்டு பெரிய ஆன்லைன் சந்தைகள் என நான்கு இடங்களில் விற்பனை நடக்கிறது. எங்கே விற்றாலும் மற்ற மூன்று இடங்களிலும் உடனே இருப்பு குறைந்துவிடும் என்று விற்பனைப் பிரதிநிதி வாட்ஸ்அப்பில் உறுதி கொடுத்தார். அதை நம்பி ஆண்டுச் சந்தா 84,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் கட்டி மென்பொருளை வாங்கினோம். தீபாவளி நேரத்தில் கடையில் விற்ற சேலைக்கே இணையத்திலும் ஆர்டர் வந்து குவிந்தது. பலவற்றை ரத்து செய்தோம். சந்தை நிறுவனங்கள் அபராதம் பிடித்தன, ரேட்டிங்கும் இறங்கிவிட்டது. மென்பொருள் நிறுவனமோ பணம் திரும்பத் தர விதியில்லை, இழப்பீடு என்றால் ஒரு மாதச் சந்தாதான், வழக்கு என்றால் நீதிமன்றத்துக்கு வெளியே, பெங்களூரில் நாங்கள் நியமிக்கும் நடுவரிடம்தான் என்கிறது. நுகர்வோர் நீதிமன்றம் போகலாமா? அடுத்து வேறு மென்பொருள் வாங்கப் போகிறோம். அதில் எதைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும்?

பதில்: நுகர்வோர் ஆணையத்துக்குப் போக வேண்டாம் என்பதே என் ஆலோசனை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கத்துக்காக வாங்குபவரை நுகர்வோராக ஏற்பதில்லை. சுயதொழிலால் பிழைப்பவருக்கு ஒரு விலக்கு உண்டு. ஆனால் இப்போதைய சட்டம் அந்த விலக்கை வாங்கிப் பயன்படுத்தும் பொருளுக்கு மட்டுமே சொல்கிறது. பழைய சட்டத்தில் இருந்த ‘சேவை’ என்ற சொல் இதில் இல்லை. நீங்கள் கட்டியது சந்தா. அது சேவைதான் என்று எதிர்த்தரப்பு முதல் நாளே வாதிடும். அதற்கும் மேலாக, 2025 நவம்பரில் பாலி மெடிக்யூர் வழக்கில் உச்ச நீதிமன்றம், லாபத்தோடு பிணைந்த வணிக வேலையைத் தானியங்கியாக்க மென்பொருள் வாங்கிய நிறுவனம் நுகர்வோர் ஆகாது என்று தீர்ப்பளித்துவிட்டது. அங்கே வாங்கியது கம்பெனி, நீங்கள் குடும்பமாகத் தொழில் செய்பவர்கள் என்று வேறுபடுத்திப் பேச முடியும். ஆனால் நீங்கள் நுகர்வோரா இல்லையா என்ற ஒரு கேள்விக்கே ஆண்டுக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும். உங்கள் பணத்துக்கு அது தகாது.

அப்படியானால் உங்கள் பிடிமானம் 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம். அதன் 73ஆம் பிரிவு, ஒப்பந்தத்தை மீறியவர் இரண்டு வகை இழப்புகளை ஈடுகட்ட வேண்டும் என்கிறது. மீறலால் இயல்பாக வரும் இழப்பு ஒன்று. ஒப்பந்தம் போடும்போதே இருதரப்புக்கும் தெரிந்திருந்த இழப்பு மற்றொன்று. மீறலோடு நேரடித் தொடர்பில்லாத தொலைதூர இழப்புக்கு ஈடு கிடையாது. இந்த ஒரு பிரிவை நன்றாகப் புரிந்துகொண்டால், பழைய வழக்கில் எவ்வளவு கேட்கலாம் என்பதும் புதிய ஒப்பந்தத்தில் என்ன எழுத வேண்டும் என்பதும் தெளிவாகிவிடும்.

முதலில் பழையது. ரத்தான ஒவ்வொரு ஆர்டரின் லாபத்தையும் சேர்த்து ஒரு பெரிய தொகையைக் கேட்க மனம் விரும்பும். ஆனால் உங்களிடம் ஒரு நிறத்தில் ஒன்றிரண்டு சேலைதான் இருந்திருக்கும். அந்தச் சேலை கடையில் விற்றுவிட்டது, லாபமும் வந்துவிட்டது. இல்லாத இரண்டாவது சேலைக்கு லாபம் கேட்டால் நீதிமன்றம் ஏற்காது. நீங்கள் உண்மையில் இழந்தவை வேறு: சந்தைகள் பிடித்த அபராதம், பணத்தைத் திருப்பியபோது கட்டண நுழைவாயில் (பேமென்ட் கேட்வே) எடுத்துக்கொண்ட தொகை, வீணான பார்சல் செலவு, பயன்படாமல் போன மாதங்களுக்கான சந்தா. இவற்றுக்கெல்லாம் கணக்கு அறிக்கை இருக்கும். கேளுங்கள். ரேட்டிங் இறங்கியதால் அடுத்த மாதங்களில் குறைந்த விற்பனை உங்களுக்கு மிகவும் வலித்திருக்கும். ஆனால் அதை முன்கூட்டியே அந்த நிறுவனத்திடம் எழுதிச் சொல்லாதவரை பெறுவது கடினம்.

அதே பிரிவின் விளக்கம், இழப்பைக் குறைக்க உங்களுக்கு வழி இருந்ததா என்பதையும் பார்க்கச் சொல்கிறது. இருப்பு சரியாகக் குறையவில்லை என்று தெரிந்த பிறகும் எல்லாத் தளங்களிலும் சேலைகளை அப்படியே விற்பனைக்கு வைத்திருந்தீர்களா? குறுக்கு விசாரணையில் இதுதான் முதல் கேள்வியாக வரும். எந்தத் தேதியில் புகார் கொடுத்தீர்கள், எப்போது பட்டியலை நிறுத்தினீர்கள் என்பதை இப்போதே வரிசைப்படுத்தி வைத்துக்கொள்ளுங்கள்.

வாட்ஸ்அப் வாக்குறுதி உங்களுடைய நல்ல சான்று. ஆனால் அதற்குத் தடை உண்டு. ஒப்பந்தம் எழுத்தில் இருந்தால் அதன் வாசகத்துக்கு முரணாக வாய்மொழி உறுதியைக் காட்ட முடியாது என்பது பழைய சாட்சியச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய சாட்சிய அதினியத்தின் 94, 95ஆம் பிரிவுகள் சொல்வது. சில விலக்குகள் உண்டு; மோசடி நடந்தது என்று நிரூபிக்கக் கதவு திறந்திருக்கிறது. நடக்காது என்று தெரிந்தே ‘உடனே குறையும்’ என்று சொல்லி விற்றார்கள் என்பதை உங்களால் காட்ட முடிந்தால், ஒரு மாதச் சந்தா என்ற இழப்பீட்டு வரம்பையும் அசைத்துப் பார்க்கலாம். இல்லாவிட்டால் கடினம்; வணிகர்கள் இருவருக்கு இடையிலான வரம்பை நீதிமன்றங்கள் பெரும்பாலும் அப்படியே மதிக்கின்றன. அந்த உரையாடலை நீக்காமல், அதே கைப்பேசியில் பாதுகாத்து வையுங்கள். மின்னணுப் பதிவைத் தாக்கல் செய்ய அந்தச் சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி சான்றிதழ் தேவை. அதில் ஒரு பகுதியில் நீங்களும் மற்றொரு பகுதியில் நிபுணரும் கையொப்பமிட வேண்டும்.

நடுவரை நாங்களே நியமிப்போம் என்ற மிரட்டலுக்கு அஞ்ச வேண்டாம். ஒரு தரப்பு தன் விருப்பப்படி தனி நடுவரை நியமிக்கும் ஷரத்து செல்லாது என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு கூறியிருக்கிறது. ஆனாலும் நடுவர் தீர்ப்பாயம் என்ற ஏற்பாடு இருக்கும்வரை சேலத்தில் நீங்கள் போடும் சிவில் வழக்கை நடுவரிடம் அனுப்பும்படி அவர்கள் கேட்க முடியும். நடுவர் கட்டணமே உங்கள் கோரிக்கையை விழுங்கிவிடும். ஆகவே, வக்கீல் நோட்டீஸ் ஒன்று அனுப்பி, மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் வழக்குக்கு முந்தைய சமரசத்துக்கு அழையுங்கள். அவர்கள் வர மறுக்கலாம். வந்து உடன்பாடு ஏற்பட்டு லோக் அதாலத் (மக்கள் நீதிமன்றம்) அதைப் பதிவு செய்தால், அது சிவில் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம். செலவும் மிகக் குறைவு. ஒப்பந்த மீறலுக்கான காலவரம்பு மூன்று ஆண்டுகள் என்பதால் அவசரம் இல்லை.

ரத்தான ஆர்டர்களுக்குரிய வாடிக்கையாளர்கள் விஷயம் வேறு. அவர்கள் நுகர்வோர்தான். தாங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே உங்கள் மீது புகார் கொடுக்க அவர்களுக்கு உரிமை உண்டு. மென்பொருளின் தவறு என்ற பதில் அவர்களிடம் எடுபடாது. ஒருவருடைய பணம்கூட நிலுவையில் இல்லாமல் இந்த வாரமே முடித்துவிடுங்கள்.

இனி புதிய மென்பொருள். உங்கள் தொழிலுக்கு அளவுகோல் ஒன்றே: கடையில் பில் போட்ட சேலை, இணையத்தில் எத்தனை நிமிடத்தில் மறைகிறது? ஒரே மாதிரி நூறு சட்டை வைத்திருப்பவருக்குப் பதினைந்து நிமிடத் தாமதம் பெரிதல்ல. ஒற்றைச் சேலைக்கு அதுவே ஆபத்து. சில மென்பொருள்கள் விற்றவுடன் தகவல் அனுப்பும்; சில குறித்த இடைவெளியில்தான் கேட்டு வாங்கும். இரண்டையும் ‘உடனடி’ என்றே விற்பார்கள். சந்தை நிறுவனங்களும் தங்கள் பக்கம் நேரம் எடுத்துக்கொள்ளும். எனவே பிரதிநிதியின் திரையில் காட்டும் செய்முறையை நம்பாமல், உங்கள் சேலை, உங்கள் கணக்கு, உங்கள் கடை பில் இயந்திரம் ஆகியவற்றைக் கொண்டு பரபரப்பான ஒரு மாலையில் சோதித்துப் பாருங்கள். திரும்பி வரும் பார்சல் பரிசோதிக்கும் முன்பே இருப்பில் ஏறிவிடுகிறதா என்பதையும் அப்போதே பாருங்கள். கறை பட்ட சேலை மறுபடி விற்பனைக்குப் போவது அப்படித்தான்.

பிறகு, கையெழுத்துக்கு முன் ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். இது மிக முக்கியம். “நாங்கள் ஒற்றைச் சேலைகளை நான்கு இடங்களில் விற்கிறோம். இருப்பு இத்தனை நிமிடத்தில் குறையாவிட்டால் சந்தைகள் அபராதம் விதிக்கும், ரேட்டிங் இறங்கும், விற்பனை குறையும்” என்று எழுதி, அவர்களிடமிருந்து பதில் வாங்குங்கள். அந்த மின்னஞ்சலை ஒப்பந்தத்தின் இணைப்பாகச் சேர்க்கச் சொல்லுங்கள். 73ஆம் பிரிவு பேசும் ‘முன்பே தெரிந்த இழப்பு’ இப்படித்தான் உருவாகிறது. சேர்க்க மறுக்கும் நிறுவனம் அந்த வாக்குறுதியை நம்பவில்லை என்று பொருள், விட்டுவிடுங்கள். நிமிட அளவு, அது மீறினால் சந்தாவில் கழிவு, தொடர்ந்து மீறினால் மீதித் தொகையைத் திருப்பித் தந்து விலகும் உரிமை, வழக்கு இடம் சேலம் என்பவற்றையும் கேளுங்கள். எல்லாம் கிடைக்காது. விலகும் உரிமையையும் தரவையும் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

தரவை ஏன் சொல்கிறேன் என்றால், ஜிஎஸ்டி விதி 56 இருப்புக் கணக்கை உங்கள் பொறுப்பாக்கியிருக்கிறது: தொடக்க இருப்பு, வரவு, விற்பனை, தொலைந்தது, அழிந்தது, இலவச மாதிரியாகக் கொடுத்தது, மீதி என எல்லாம் இருக்க வேண்டும். ஆண்டறிக்கைக்கான கெடு தேதியிலிருந்து 72 மாதங்கள் வரை அதை வைத்திருக்க வேண்டும். மென்பொருள் நிறுவனம் தரவைப் பிடித்துவைத்துக்கொண்டது என்று அதிகாரியிடம் சொன்னால் கடமை நீங்காது. ஒப்பந்தம் முடிந்த பின்னும் 90 நாட்களாவது முழுத் தரவையும் எக்செல் கோப்பாக இறக்கிக்கொள்ள அனுமதி எழுதி வாங்குங்கள். மாதாமாதம் ஒரு பிரதியை நீங்களே எடுத்து வையுங்கள். குறைந்த சரக்கை மென்பொருளில் ‘சரிசெய்தல்’ என்று ஒரு சொடுக்கில் தள்ளிவிடாதீர்கள். தொலைந்த, அழிந்த, இலவசமாகக் கொடுத்த சரக்குக்கு உள்ளீட்டு வரிச் சலுகை, அதாவது வாங்கும்போது கட்டிய ஜிஎஸ்டியைக் கழித்துக்கொள்ளும் உரிமை, கிடையாது. எடுத்திருந்தால் திருப்ப வேண்டும். யார், எப்போது, எதை மாற்றினார் என்ற பதிவு கம்பெனிகளின் கணக்கு மென்பொருளுக்கு 2023 ஏப்ரல் 1 முதல் கட்டாயம். கம்பெனி அல்லாத உங்களைப் போன்ற குடும்பத் தொழிலுக்குக் கட்டாயம் இல்லை. இருந்தும் அந்த வசதி உள்ளதையே வாங்குங்கள்.

பழைய சந்தா தானாகப் புதுப்பிக்கும்படி வங்கிக் கட்டளை கொடுத்திருந்தால் அதை வங்கியில் ரத்து செய்துவிட்டு, புதுப்பிக்க விருப்பமில்லை என்று நிறுவனத்துக்கு மின்னஞ்சலும் பதிவுத் தபாலும் அனுப்புங்கள். ஆனால் தரவு முழுவதும் உங்கள் கைக்கு வந்த பிறகு அதைச் செய்யுங்கள்; முந்தினால் கணக்கை முடக்கிவிடக்கூடும்.