பீர் காய்ச்சும் பர்னரில் தேன்குழல் சுடலாமா?

கேள்வி: கானாடுகாத்தானில் வீட்டோடு பலகாரம் சுட்டு விற்கிறேன். தேன்குழல், மணகோலம், அதிரசம், சீப்புச்சீடை. ஆர்டர் கூடிவிட்டது. வீட்டு கேஸ் அடுப்பில் 10 லிட்டர் எண்ணெய் காயவே முக்கால் மணி நேரம் ஆகிறது. இரண்டாவது ஈடு போட்டதும் எண்ணெய் அடங்கிப்போகிறது. டெக்சாஸில் இருக்கும் மகன் அங்கே வீட்டிலேயே பீர் காய்ச்சுவான். அதற்கு வைத்திருக்கும் புரொப்பேன் பர்னர் 55,000 பி.டி.யூ.வாம் (ஒரு மணி நேரத்தில் விடும் சூட்டுக்கு அங்கே சொல்லும் கணக்கு). “ஆத்தா, வரும்போது கொண்டுவந்து தர்றேன்” என்கிறான். இரண்டாங்கட்டு முற்றத்தில் வைத்துக்கொள்ளலாமா, இங்கேயே வேறு வாங்குவதா?

பதில்: ஆச்சி, கொண்டுவர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நல்ல அடுப்புதான், ஆனால் அது பழகிய வேலை வேறு.

உங்கள் மகன் ஒரு தடவைக்குக் காய்ச்சுவது அநேகமாக 5 காலன், அதாவது 19 லிட்டர். முளைகட்டிய பார்லியை வெந்நீரில் ஊறவைத்து வடித்த இனிப்புச் சாற்றை ஹாப்ஸ் பூவோடு ஒரு மணி நேரம் தளதளவென்று கொதிக்க விடுவார்கள். அப்போதுதான் ஹாப்ஸின் கசப்பு இறங்கும், வேண்டாத வாடை ஆவியோடு போகும். அங்கே முரட்டுத் தீ வேண்டும். எவ்வளவு எரித்தாலும் சாறு 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். மிச்சச் சூடெல்லாம் ஆவியாகப் போய்விடும். மிஞ்சினால் பொங்கி வழியும், அவ்வளவுதான்.

எண்ணெய்க்கு அந்தக் கடிவாளம் கிடையாது. 180 டிகிரியில் தேன்குழல் வேகும். அதே தீயில் விட்டுவிட்டு நீங்கள் மாவு பிசையப் போனால் ஏறிக்கொண்டே போகும், புகையும், கடைசியில் பற்றிக்கொள்ளும். ஆகவே உங்களுக்கு வேண்டிய அடுப்பு, தேவையான அளவு எரிந்து, சொன்னவுடன் அடங்குவது.

(அமெரிக்காவில் 1978-இல் வந்த சட்டத்துக்குப் பிறகு வீட்டில் பீர் காய்ச்ச மத்திய அரசின் தடை இல்லை. இங்கே நமக்கு 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் இருக்கிறது. தம்பி வேறு ஏதாவது யோசனையோடு பர்னரைத் தூக்கி வருவதாக இருந்தால், அதற்கும் சேர்த்தே ‘வேண்டாம்’ சொல்லிவிடுங்கள்.)

எவ்வளவு சூடு தேவை என்று பார்ப்போம். வீட்டு அடுப்பின் பெரிய பர்னர் சுமார் 2 கிலோவாட். 55,000 பி.டி.யூ. என்பது 16 கிலோவாட், எட்டு மடங்கு. உங்கள் தேவை இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. ஒரு கிலோ மாவை ஓர் ஈடாகப் போட்டு ஐந்து நிமிடத்தில் எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மாவில் இருக்கும் முந்நூறு நானூறு மில்லி தண்ணீர் அந்த ஐந்து நிமிடத்துக்குள் ஆவியாக வேண்டும். எண்ணெயின் சூட்டைக் குடிப்பது அந்தத் தண்ணீர்தான். உங்கள் எண்ணெய் அடங்கிப்போவதும் அதனால்தான். அடுப்புச் சூட்டில் பாதி காற்றோடு போகும் என்பதையும் சேர்த்தால் 6 முதல் 8 கிலோவாட் போதும். எண்ணெய் கால் மணியில் காய்ந்துவிடும். முழுத் தீயில் மணிக்கு அரை கிலோவுக்குச் சற்று மேலே கேஸ் செலவாகும். அந்த அமெரிக்க அடுப்பு முழு வேகத்தில் ஒன்றேகால் கிலோ குடிக்கும்.

கேஸும் வேறு. அங்கே சிலிண்டரில் இருப்பது பெரும்பாலும் சுத்தமான புரொப்பேன். நம்முடையது பியூட்டேனும் புரொப்பேனும் கலந்தது. பியூட்டேனுக்குக் காற்று அதிகம் வேண்டும். புரொப்பேனுக்கென்று துளை போட்ட ஜெட்டில் விட்டால் தீ மஞ்சளாக எரிந்து சட்டியில் கரி பிடிக்கலாம். அந்த ஊர் ரெகுலேட்டர் நம் சிலிண்டர் வாயில் உட்காராது. நம் வீட்டு ரெகுலேட்டரை அதில் மாட்டினால் அடுப்பு திணறும்: இது விடும் அழுத்தம் 30 மில்லிபார், அந்த மாதிரி பர்னர்கள் பெரும்பாலும் கேட்பது 10, 20 பி.எஸ்.ஐ., அதாவது இருபது முதல் நாற்பது மடங்குக்கும் மேல். யாராவது மெக்கானிக் “அட்ஜஸ்ட் பண்ணித் தர்றேன்” என்று ஹை பிரஷர் ரெகுலேட்டரை மாட்டி, பழைய ரப்பர் டியூபையே செருகிவிட்டுப் போவார். நான் அதிகம் பயப்படுவது இதற்குத்தான்.

இன்னொன்று, அந்த ஸ்டாண்டு தட்டையான அடிப்பாத்திரத்துக்கானது. உங்கள் இருப்புச்சட்டிக்கு அடி உருண்டை. 10 லிட்டர் கொதி எண்ணெயோடு சட்டி ஆடுவதை நினைத்துப் பாருங்கள்.

இனி முற்றம். மேலே வானம் திறந்திருக்கிறது, அதனால் பாதுகாப்பு என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். ஆனால் நம் வீடுகளில் முற்றம் சுற்றுத் தாழ்வாரத்தைவிடப் பள்ளம். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனம். கசிந்தால் மேலே பறக்காது. பள்ளத்தில் தேங்கி, மழைத்தண்ணீர் போகும் மடைக்குள் இறங்கி, எங்கோ ஒரு பொறிக்காகக் காத்திருக்கும். நாற்புறமும் சுவர் என்பதால் அதைக் கலைக்கக் காற்றோட்டமும் தரைமட்டத்தில் இருக்காது. போதாததற்கு, எண்ணெய் கொதிக்கும்போது தூறல் விழுந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கதவடைத்த அறையும் ஆகாது, கார்பன் மோனாக்சைடு சேரும்.

கொல்லைப்புறத்தில், தரையைவிட ஒரு படி உயர்ந்த திண்ணை மாதிரி இடத்தில், மேலே தகரக் கூரை, குறைந்தது இரண்டு பக்கம் திறப்பு. அதுதான் இடம். அந்தக் காலத்தில் கல்யாணத்துக்குக் கோட்டை அடுப்பு கொல்லையில்தானே வெட்டினார்கள். சிலிண்டர் நின்றபடி, அடுப்புச் சூடு படாத தூரத்தில் இருக்கட்டும். காற்றுக்குத் தகரம் மறைக்கலாம், சிலிண்டரையும் சேர்த்து மறைக்கக் கூடாது. தரையில் ஆத்தங்குடிக் கல் பதித்திருந்தால் அதன்மேல் நேராக அடுப்பை வைக்காதீர்கள். மணல் பரப்பி, செங்கல் அடுக்கி, அதன்மேல் வையுங்கள். சிமெண்டுக் கல், சூட்டில் வெடிக்கும், எண்ணெய்க் கறையும் போகாது.

சிலிண்டர் 19 கிலோ வணிகச் சிலிண்டராக இருக்க வேண்டும். வீட்டுக்குக் கொடுக்கும் 14.2 கிலோவை வியாபாரத்துக்குப் பயன்படுத்துவது சட்டப்படி தப்பு.

வாங்க வேண்டியது: காரைக்குடிப் பாத்திரக் கடைகளில் கிடைக்கும் ஒற்றை பர்னர் வணிக அடுப்பு. உள்வளையம், வெளிவளையம் இரண்டுக்கும் தனித்தனி வால்வு இருப்பதாகப் பாருங்கள். தேன்குழலுக்கு இரண்டும் எரியட்டும். அதிரசத்துக்கு உள்வளையம் மட்டும், இல்லாவிட்டால் மேலே கருகி நடுவில் மாவாகவே நிற்கும். ரெகுலேட்டரும் டியூபும் அந்த அடுப்புக்கு ஏற்றதாக, ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு, கம்பி வலை வைத்ததாக அதே கடையில் சேர்த்தே வாங்குங்கள். இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

போகும்போது இருப்புச்சட்டியையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போங்கள். தண்ணீர் ஊற்றி அடுப்பில் வைத்துக் கொளுத்தச் சொல்லுங்கள். தீ நீலமாக, அடியோடு நிற்க வேண்டும். சட்டியின் பக்கவாட்டில் ஏறினால் அந்த பர்னர் உங்கள் சட்டிக்குப் பெரியது. பிறகு சிம்மில் வைத்து ஐந்து நிமிடம் பாருங்கள். ‘டப்’பென்று பின்னடித்து அணைந்தால், எத்தனை கிலோவாட் என்று சொன்னாலும் அடுத்த அடுப்பைக் கேளுங்கள்.